டீச்சரின் முக்கோணப் பாடம்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ஓடும் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது அவளுடைய சித்தப்பா, "டீச்சருக்கு டிக்கெட் கிழிக்கிறவனா மாப்பிள்ளை?" என்று கேட்டாராம். அவள் அசரவில்லை. "நான் பஸ்ஸுல சும்மா போகலாம்ல சித்தப்பா" என்றாளாம். இந்தப் பேச்சு கல்யாணத்துக்கு முன்பே என் காதுக்கு வந்துவிட்டது. அன்றே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும் அந்தச் சொல் அப்படியே மனசில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பவனுக்கு வேறு என்ன வருமானம், சொல்லுங்கள். மீன் கூடையோடு ஏறும் அக்கா சொன்னது, பெட்டாலிங் ஜெயா ஃபேக்டரிக்குப் போகும் பெண்கள் தங்கள் சூப்பர்வைசரைத் திட்டியது என்று எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அவளிடம் கொட்டுவேன். அவள் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டே சிரிப்பாள்.

டிசம்பர் விடுமுறை வந்தால் எனக்கும் ஓர் உத்தியோகம் உண்டு. அடுத்த ஆண்டுப் பாடங்களுக்கு மணிலா அட்டை வெட்டிக்கொடுப்பது. அவள் பென்சிலால் கோடு போடுவாள், நான் கத்தரிப்பேன். ஐந்தாம் வகுப்புக்கு முக்கோணங்கள். பக்கத்தை வைத்துப் பிரித்தால் மூன்று வகை: மூன்று பக்கமும் ஒரே அளவாக இருந்தால் சமபக்கம், இரண்டு மட்டும் ஒத்துப்போனால் இருசமபக்கம், ஒன்றுக்கொன்று ஒட்டாவிட்டால் அசமபக்கம். கோணத்தை வைத்துப் பிரித்தாலும் மூன்று வகை: ஒரு மூலை சதுரத்தின் மூலை மாதிரி நேராக இருந்தால் செங்கோணம், ஒரு மூலை அதைவிடப் பரந்திருந்தால் விரிகோணம், மூன்றுமே ஒடுங்கியிருந்தால் குறுங்கோணம்.

"அப்ப ஒரு முக்கோணத்துக்கு ரெண்டு பேரா?" என்று நான் கேட்டேன்.

"உங்களுக்கு வீட்டுல ஒரு பேரு, சூராவுல ஒரு பேரு இல்லையா? அது மாதிரிதான். பக்கத்தை வச்சு ஒண்ணு, கோணத்தை வச்சு ஒண்ணு."

சூரா என்கிற பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் இல்லாத தமிழ்ப் பிள்ளை எங்கள் பக்கம் உண்டா என்ன. இதையேதான் வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பாள். பிள்ளைகள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு டிசம்பரில் என்னைச் சோதிக்க நினைத்து, "விரிகோணச் சமபக்க முக்கோணம் ஒண்ணு வெட்டிக் குடுங்க" என்றாள். கோடு போட்டுத் தரவில்லை. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். ஒரு மூலையை விரித்தால் எதிர்ப் பக்கம் நீண்டுவிடுகிறது. அந்தப் பக்கத்தைக் குறைத்தால் மூலை ஒடுங்கிவிடுகிறது. காலடியெல்லாம் அட்டைத் துண்டு. அவள் சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அப்படி ஒண்ணு உலகத்துலயே இல்லைங்க" என்றாள். பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுத்தராத ஒன்றை அந்தச் சாயங்காலம் கற்றுத்தந்தது. மூன்று பக்கமும் சமமாக இருந்தால் எந்த மூலையும் விரிய முடியாது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேச வேண்டியதை எல்லாம் பேசி ஓய்ந்துவிட்டது. நாங்களும் ஓய்ந்துவிட்டோம்.

எண்பதுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். இடது கையும் இடது காலும் சோர்ந்துபோயின. பேச்சு மட்டும் துளிகூடக் குறையவில்லை. வார்டில் படுத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரருக்கு வாய்ப்பாடு சொன்னாள். நர்ஸ் மிஸ்ஸி ஒருவர், தமிழ்ப் பெண், "டீச்சர், சமபக்க முக்கோணம்னா என்ன? பள்ளிக்கூடத்துல படிச்சது, மறந்துபோச்சு" என்று விளையாட்டாகக் கேட்டார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஆறு வகையையும் விளக்கத்தோடு ஒப்பித்தாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பஸ்ஸிலும் அதையேதான் சொன்னார்கள். "பேச்சு இருக்குல்ல அண்ணே, அது போதும். கை கால் பின்னாலயே வந்துடும்" என்றார் மீன்கார அக்கா. அவரே மறுபடி சொன்னார்: "டீச்சரைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கண்ணே. எம் மவ புது வாத்தியாருகிட்ட வாயே தொறக்க மாட்டேங்கிறா."

வீட்டுக்கு வந்த பிறகு கால் தேறியது. கையில் தடி வைத்துக்கொண்டு நடந்தாள். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்வாள். தலை வாரினால் வலது பக்கம் மட்டும் வாரியிருக்கும். பலவீனம் என்று நினைத்துக்கொண்டோம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் என் அக்கா மகளின் கல்யாணம். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் கிளம்பிய முதல் வெளியிடம் அதுதான். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலை போட்டு எல்லாம் பரிமாறினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் கறுத்துவிட்டது. சோற்றை ஒதுக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அக்கா ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, சாப்பிடாம உக்காந்திருக்கே?"

"பரவாயில்ல அண்ணி. எனக்கு மட்டும் உப்பு வைக்கல, ஊறுகாய் வைக்கல, கூட்டு வைக்கல. நோயாளிக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க போல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பெண்ணைப் பெற்றவர், கல்யாண வீட்டில் கேட்கிற வார்த்தையா அது. "இலை நெறைய வச்சிருக்கு. உனக்குக் கண்ணு தெரியலயா?" என்றார். அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது.

உப்பு, ஊறுகாய், கூட்டு எல்லாம் வைக்க வேண்டிய இடத்தில், இலையின் இடது பாதியில் இருந்தன. நான் இலையைப் பிடித்து மெதுவாக வலப்புறம் இழுத்தேன். ஊறுகாய் அவளுக்கு நேரே வந்தது. அவள் என் காதருகே குனிந்து, "பாத்தீங்களா, கேட்டப்புறம்தான் வைக்கிறாங்க" என்றாள்.

நான் என் இலையை மூடினேன்.

வீட்டுக்குப் போனதும் பரணிலிருந்து முக்கோண அட்டைகளை எடுத்தேன். எதற்கு அதை எடுத்தேன் என்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். பென்சிலைக் கொடுத்து ஒரு சமபக்க முக்கோணம் வரையச் சொன்னேன். உச்சியிலிருந்து வலது பக்கமாகச் சாய்ந்து ஒரு கோடு. அதன் காலிலிருந்து தரையாக ஒரு கோடு, அதுவும் பாதி வழியில் நின்றுவிட்டது. இடது பக்கம் வெறும் தாள். அதற்குக் கீழே அழகான கையெழுத்தில் "பக்க முக்கோணம்" என்று எழுதினாள். "சம" எழுதாமலே எழுதியதாக நினைத்துக்கொண்டாள்.

"சரியா இருக்கா?" என்றேன்.

"இருபது வருஷமா சொல்லிக்குடுக்கிறேன், என்னைக் கேக்குறீங்களே."

அசமபக்க அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தேன். அடிக்கோலால் வலது பக்கத்தை அளந்தாள். கீழ்ப் பக்கத்தில் தெரிந்த அளவை அளந்தாள். பிறகு தேடினாள். "இது என்னங்க, கிழிஞ்சுபோச்சா?" நான் அட்டையைத் திருப்பி வைத்தேன். முன்பு இடதுபுறம் இருந்த பக்கம் இப்போது வலதுபுறம் வந்தது. அதை அளந்துவிட்டு, "இது வேற அட்டை" என்றாள். அதே அட்டைதான் என்று நான் சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் வந்தது. "நான் டீச்சரா, நீங்க டீச்சரா?"

ஆஸ்பத்திரியில் பயிற்சி தருகிற மலாய்ப் பெண் ஒருவர் இருந்தார். சின்ன வயசு, பொறுமைசாலி. அவர்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். "பாக்சிக், சிக்குவுக்குக் கண் நல்லா இருக்கு. ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதை மூளை கணக்குல எடுக்கல. இருட்டா தெரிஞ்சா ஏதோ மறைக்குதுன்னு அவங்களே தேடுவாங்க. இவங்களுக்கு இருட்டும் இல்ல. அந்தப் பக்கமே இல்ல." மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்; பாக்சிக் என்றால் மாமா, சிக்கு என்றால் டீச்சர். அவர் சொன்ன விதத்தில் இருந்த மென்மையை எழுத முடியவில்லை.

வழி என்ன என்று கேட்டேன். இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டுங்கள், எதைப் பார்த்தாலும் முதலில் சிவப்பைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்றார். "மேரா டூலு, சிக்கு" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் சிவப்பு.

அவளுக்கு மெல்ல மெல்ல விஷயம் பிடிபட்டது. பிடிபட்ட நாள் அழுதாள். "எனக்குத் தெரியுதுங்க, இல்லாதது எனக்குத்தான்னு. ஆனா பாக்கிறப்ப தெரியல. முழுசாத்தான் இருக்கு எனக்கு" என்றாள்.

மருத்துவ விடுப்பு முடிந்துகொண்டிருந்தது. மெடிக்கல் போர்டு கூப்பிடும். தகுதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு அந்த ஒரு பயம்தான். "போர்டு அவுட் பண்ணிட்டா காலைல சீலை கட்டிட்டு நான் எங்கங்க போவேன்?" என்று கேட்டாள். திரும்ப ஐந்தாம் வகுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. சாமியிடமும் அதைத்தான் கேட்டாள்.

தலைமையாசிரியர் வீடு தேடி வந்தார். தங்கமான மனிதர். "போர்டு கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு பாடம் எடுத்துப் பாருங்க டீச்சர். நான் பின்னால உக்காந்து பாக்கிறேன். நல்லா நடந்துச்சுன்னா உங்களுக்காக நானே போய்ப் பேசறேன்" என்றார். அவள் உடனே முக்கோணப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தாள். எது தன்னை விழத்தட்டியதோ அதிலேயே எழுந்து நிற்கிற பிடிவாதம் அவளுக்கு.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் முக்கோணத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் நான் அட்டைகளைப் பரப்புவேன். ஒவ்வொன்றின் இடது ஓரத்திலும் சிவப்பு. அவள் கழுத்தை வலிக்கத் திருப்பி, வாய்க்குள் "மேரா டூலு" சொல்லி, சிவப்பைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அளக்கத் தொடங்குவாள். முதலில் பத்துக்கு எட்டு தப்பும். பிறகு பாதி. பிறகு சிவப்பு இல்லாத அட்டையிலும் கழுத்து தானாகத் திரும்பியது. எங்கள் பஸ் டிரைவர், மலாய்க்காரர், ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, "உன் சம்சாரத்துகிட்ட லைசென்ஸ் இருந்தா நம்ம பஸ்ஸைக் குடுத்துடலாம். நான்கூட இவ்ளோ கண்ணாடி பாக்கிறதில்ல" என்றார். அவள் குலுங்கிச் சிரித்தாள். அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

பாடத்தன்று நீலச் சீலை கட்டிக்கொண்டாள். தலையை இரண்டு பக்கமும் வாரியிருந்தாள். நான் சரிபார்த்தேன். பள்ளிக்கூடம் கிள்ளானுக்கு வெளியே, தோட்டத்து ஓரம். முன்னதாகவே போய் கரும்பலகையின் இடது ஓர ஆணியில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். பிறகு தலைமையாசிரியரும் நானும் பின்வரிசையில், சின்னப் பிள்ளைகள் நாற்காலியில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.

அவள் உள்ளே வந்ததும் பிள்ளைகள் எழுந்து "வணக்கம் டீச்சர்" என்றார்கள். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். கழுத்து இடது பக்கம் போயிற்று, ரிப்பனைக் கண்டது. சாக்பீஸ் எடுத்து வரைந்தாள். மூன்று கோடு. மூன்றும் சேர்ந்தன. நான் தலைமையாசிரியரின் தொடையை என்னையறியாமல் அழுத்திவிட்டேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

பிறகு அவள் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினாள்.

கரும்பலகையைப் பார்க்கும்போது எது இடது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். திரும்பி நின்றால் அந்த இடது எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை, அவள் யோசிக்கவில்லை, ஆஸ்பத்திரிப் பெண்ணும் சொல்லவில்லை. மணிக்கணக்காகப் பயிற்சி எடுத்ததெல்லாம் அட்டைக்கு. ஆட்களுக்கு அல்ல.

"இதுக்கு வீட்டுப் பேரு என்ன, சூரா பேரு என்ன? தெரிஞ்சவங்க கை தூக்குங்க."

வகுப்பே கை தூக்கியது. அவள் வாசல் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தாள், அவர்களில் ஒருத்தியைக் கேட்டாள். அடுத்த கேள்விக்கு அதே பக்கத்தில் இன்னொருத்தன். அதற்கடுத்தும் அதே பக்கம். அவளுக்கு இடப்பக்கம், ஜன்னலோரம் இருந்த பாதி வகுப்பு கையைத் தூக்கியபடியே இருந்தது. சிலர் வலது கை வலித்து இடது கைக்கு மாற்றினார்கள். ஒரு பெண் பிள்ளை தூக்கிய கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு என்ன, பாதிப் பேரு வரல? ஊர்ல காய்ச்சலா?" என்றாள் அவள்.

டீச்சர் விளையாடுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். "எல்லாரும் வந்திருக்காங்க டீச்சர்" என்றது வாசல் பக்கத்துக் குரல் ஒன்று. "எங்க, பொய் சொல்லாதே" என்றாள் அவள், செல்லமாக. சிரிப்பு நின்றது. பிள்ளைகளுக்கு ஏதோ புரிந்தது. என்ன புரிந்தது என்று நான் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் ஜன்னலோரப் பிள்ளைகளுக்குக் கையால் சைகை காட்டினார். அவர்கள் சத்தம் போடாமல் எழுந்து, மேசைகளுக்குப் பின்னால் சுற்றி, வாசல் பக்கத்து பெஞ்சுகளில் ஒருவரோடு ஒருவர் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவள் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா. லேட்டா வந்தவங்களை இன்னிக்கு மன்னிச்சு விட்டுட்டேன்."

"நன்றி டீச்சர்" என்றார்கள் பிள்ளைகள், எல்லாரும் சேர்ந்து.

அதற்குப் பிறகு அவள் நடத்திய பாடத்தைப் போல ஒரு பாடத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்தை வைத்துப் பிரித்தாள், கோணத்தை வைத்துப் பிரித்தாள், ஒரே அட்டையை இரண்டு குவியலிலும் வைத்துக் காட்டினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. மணி அடித்தபோது பிள்ளைகள் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார்கள்.

வெளியே தலைமையாசிரியர் என்னைத் தனியாக அழைத்துப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "பாடத்துல ஒரு குறை கிடையாது, அண்ணே. ஒரு குறை கிடையாது" என்றார். பிறகு, "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"நானே சொல்றேன் சார்."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் அவளுடைய வலது பக்கம். பெரும் சந்தோஷத்தில் இருந்தாள். அடுத்த பாடம் நாற்கரம், அதற்கு அட்டை வெட்ட வேண்டும் என்றாள். நான் ம்ம் கொட்டிக்கொண்டு வந்தேன். எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு அவள் பேச்சு மெல்லக் குறைந்தது.

"ஏங்க, வகுப்புக்கு வாசல் என் வலது பக்கம்தானே?"

"ஆமா."

"அந்தப் பசங்க வாசல் வழியா வரலையே. வந்திருந்தா நான் பாத்திருப்பேன்."

அவள் முன் சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் போடும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அப்ப உள்ளதான் இருந்திருக்காங்க. மொதல்லேர்ந்து."

"ஆமாம்மா."

"நான் கேள்வி கேட்டப்ப கை தூக்கினாங்களா?"

"தூக்கினாங்க."

"ரொம்ப நேரமா?"

பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல நான். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "ரொம்ப நேரம்" என்றேன்.

பஸ் கிள்ளான் பாலத்தில் ஏறியது. ஆற்று வாடை உள்ளே வந்தது. பாலம் முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பெரிய சாருகிட்ட நாளைக்கே சொல்லிடுங்க. எனக்காக அவரு போர்டுல போய்ப் பேச வேணாம். வேற டீச்சரைப் போடச் சொல்லுங்க."

"இன்னும் பழகலாம்மா. ஆஸ்பத்திரில கேட்டுப் பாப்போம். அட்டைக்குப் பழகலையா?"

"அட்டை காத்திருக்கும்ங்க" என்றாள். "புள்ள கையைத் தூக்கிட்டு நிக்கும். நான் அது மூஞ்சிக்கு நேரா நின்னுகிட்டு, காய்ச்சலான்னு கேட்டுகிட்டு இருப்பேன்."

பஸ் ஸ்டாண்டு வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நான் எழுந்து கை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை, மடியில் கிடந்த தன் இடது கையை வலது கையால் எடுத்து, வகுப்புப் பிள்ளை போல, முழங்கை மடங்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிப் பார்த்தாள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.